மாரத்தான் ரிலேயில் ஒரு பங்கை ஓடுவது எப்படி: முதல் நடையிலிருந்து கைமாற்றம் வரை

பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பிறகு ஓடியதே இல்லை, இப்போது ஓடலாமா என்று கேட்பவர்களிடம், தனியாக அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பதைவிட ஒரு மாரத்தான் ரிலே அணியில் சேருமாறுதான் நான் சொல்வேன். மாரத்தானின் 42.195 கி.மீ. தூரத்தை ஆறு பேர் பங்கிட்டுக்கொள்ளும் சாலைத் தொடர் ஓட்டத்தில் 5, 10, 5, 10, 5, 7.195 கி.மீ. என்று பிரித்து ஓடுவதே உலகத் தடகள அமைப்பு ஏற்றுக்கொண்டிருக்கும் முறை. சில போட்டிகளில் நான்கு பேராகவும் ஓட விடுகிறார்கள். எப்படியானாலும் ஆறு பேர் அணியில் மூன்று இடங்கள் ஐந்து கிலோமீட்டர்க்காரர்களுக்கு உரியவை. நாற்காலியில் அமர்ந்தே வேலை பார்க்கும் ஒருவர், பெரிய நோய் எதுவும் இல்லாதவராக இருந்தால், நான்கு மாதப் பயிற்சியில் ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் ஓடிவிட முடியும்.

நான்கு மாதம் என்பதைப் போட்டி நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். சென்னையில் பெரிய மாரத்தான் ஜனவரியிலும் ஆரோவில்லில் பிப்ரவரியிலும் நடப்பதற்குக் காரணம் வானிலைதான். நம் ஊரில் விடியற்காலையில் ஓரளவு குளிர்ச்சியோடு ஓடக் கிடைப்பது அந்த இரண்டு மூன்று மாதங்கள் மட்டுமே. ஜனவரியில் ஓட வேண்டுமானால் செப்டம்பரிலேயே தொடங்கியாக வேண்டும். அப்படித் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை பயிற்சியின் நடுவில் வந்து நிற்கும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் விட்டுப்போன ஓட்டத்தை மறுநாள் இரட்டிப்பாக ஓடி ஈடுகட்ட முயல்வதுதான் பல முழங்கால்களைக் கெடுக்கிறது. விட்டுப்போனது போகட்டும், அடுத்த நாளுக்கு உரியதை மட்டும் ஓடுங்கள்.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

நாற்பது வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு ஆகியவற்றுள் எதற்கேனும் மருந்து எடுப்பவர்களும், படியேறும்போது நெஞ்சில் இறுக்கம் உணர்ந்தவர்களும் மருத்துவரைப் பார்த்த பிறகே ஓடத் தொடங்க வேண்டும். இதை ஒரு சடங்கு போலச் சொல்லவில்லை. இன்சுலின் போடுபவர்களுக்கு ஓட்டத்தின் நடுவே சர்க்கரை இறங்கிவிடக்கூடும் என்பதால், எப்போது சாப்பிடுவது, சட்டைப்பையில் என்ன வைத்துக்கொள்வது என்பதை மருத்துவரிடம் பேசித் தெளிந்துகொள்வது அவசியம்.

ஷூவுக்குச் செலவு செய்யுங்கள், மற்றவற்றுக்கு வேண்டாம். நாள் முழுவதும் நடந்து நின்று பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால், மாலையில் கடைக்குப் போய், ஓடும்போது போடப்போகும் அதே காலுறையோடு போட்டுப் பார்த்து, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று நின்ற நிலையில் அழுத்திப் பாருங்கள். பருத்திக் காலுறையும் பருத்திச் சட்டையும் வியர்வையைக் குடித்துக் கனத்து, தோலைத் தேய்த்துப் புண்ணாக்கும். விரைவில் உலரும் செயற்கை இழைத் துணியே ஏற்றது. அக்குளிலும் தொடையிலும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்வது முதல் நாளிலிருந்தே பழக்கமாகட்டும்.

ஓடும் இடம் வீட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நாள் ஓடுவீர்கள். மெரினாவோ பெசன்ட் நகர்க் கடற்கரையோ கோவை ரேஸ் கோர்ஸோ பக்கத்தில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மற்றவர்களுக்கு மாவட்ட விளையாட்டு மைதானம், பள்ளி மைதானம், போக்குவரத்து குறைந்த குடியிருப்புச் சாலை ஆகியவை போதும். சாலையில் ஓடினால் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்பக்க ஓரமாக ஓடுங்கள். இருட்டில் ஒளி பிரதிபலிக்கும் மேல்சட்டை போடுங்கள். வழவழப்பான ஓடு பதித்த நடைபாதைகள் மழை நாளில் வழுக்கும், தவிர்த்துவிடுங்கள். தெருநாய்கள் குரைத்துக்கொண்டு வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, அவற்றின் கண்ணை நேராகப் பார்க்காமல், மெதுவாக நடந்து அந்த இடத்தைக் கடந்துவிடுங்கள். ஓடினால்தான் அவை துரத்தும். விடியுமுன் தனியாக வெளியே வரத் தயங்கும் பெண்கள் எந்த ஊரிலும் உண்டு, அந்தத் தயக்கத்தில் நியாயமும் உண்டு. அணி சேர்ந்த முதல் வாரத்திலேயே யார் யாரோடு ஓடுவது என்று முடிவு செய்துகொள்வதை ஒரு பொறுப்பாகவே அணி எடுத்துக்கொள்ள வேண்டும்.

பேசிக்கொண்டே ஓடும் வேகம்

புதிதாக ஓடுபவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றே: ஓட்டம் என்றால் மூச்சு வாங்க ஓடுவது என்று நினைத்து, முதல் நாளே நூறு மீட்டர்ப் போட்டி போலப் பாய்ந்து, மூன்றாம் நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, நான்காம் நாள் விட்டுவிடுகிறார்கள். நுரையீரலும் இதயமும் சில வாரங்களிலேயே பழகிவிடுகின்றன. தசைநாணும் எலும்பும் பழக மாதக்கணக்காகும். மூச்சு இடம் கொடுக்கிறது என்பதற்காக வேகத்தைக் கூட்டும்போது அடிபடுவது இந்த மெதுவாகப் பழகும் உறுப்புகள்தான்.

ஆகையால் முதல் இரண்டு வாரம் ஓடவே வேண்டாம்; வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று எட்டு முறை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒவ்வொரு வாரமும் ஓட்டத்தைச் சற்று நீட்டி, நடையைச் சற்றுக் குறைத்து வந்தால், பத்தாம் வாரம் அளவில் இருபத்தைந்து முதல் முப்பது நிமிடம் தொடர்ந்து ஓட வந்துவிடும். ஒரு வாரம் சிரமமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்வதில் குற்றமில்லை. ஓடும் நாள்கள் வாரத்துக்கு மூன்று, ஒன்றுக்கொன்று ஒரு நாளாவது இடைவெளி விட்டு. நான்காம் நாள் நடையோ நீச்சலோ மிதிவண்டியோ போதும்.

வேகத்தை அளக்கக் கைக்கடிகாரம் வேண்டியதில்லை. பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் அதுதான் சரியான வேகம். தனியாக ஓடினால் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு குறளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் அடியின் நான்கு சீரும் ஒரே மூச்சில் வராவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். அந்த வேகம் நடைக்குச் சற்றே மேலாக இருக்கலாம், காலை நடைக்கு வந்த பெரியவர் ஒருவர் உங்களைத் தாண்டியும் போகலாம். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. பயிற்சியின் பெரும்பகுதியை இந்த வேகத்தில் செய்தவர்கள்தான் போட்டி நாள்வரை காயமின்றி வந்து சேர்கிறார்கள்.

வலியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். தொடையிலும் கெண்டைக்காலிலும் இரு பக்கமும் சமமாக இருந்து, ஓடத் தொடங்கியதும் இளகும் வலி, பழக்கமில்லாத தசையின் வலி, அதோடு ஓடலாம். ஒரு காலில் மட்டும், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், ஓட ஓடக் கூடும் வலி வேறு வகை. முன்னங்கால் எலும்பின் உள்விளிம்பிலோ, காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலிலோ அப்படி வலித்தால் ஒரு வாரம் ஓட்டத்தை நிறுத்துங்கள், குறையாவிட்டால் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது எச்சரிக்கையை மறைப்பதோடு, உடலில் நீர் குறைந்திருக்கும் வேளையில் சிறுநீரகத்துக்கும் தீங்கு செய்யும்.

வெயிலும் தண்ணீரும்

கடலோர ஊர்களில் வெப்பத்தைவிடக் காற்றின் ஈரப்பதமே ஓடுபவரின் எதிரி. வியர்வை வழிந்தால் மட்டும் உடல் குளிராது, அது ஆவியானால்தான் குளிரும். சென்னைக் காற்றில் அது எளிதில் ஆவியாவதில்லை. ஊட்டியிலோ பெங்களூரிலோ ஓடிய வேகத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது என்பதும், வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த அணியினருக்கு இந்தக் காற்றுக்குப் பழக ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும் என்பதும் இதனால்தான். ஓடப்போகும் முன் ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ போதும். முடிந்த பிறகு உப்புப் போட்ட நீர்மோர், அல்லது இளநீரோடு சிறிது உப்பு. தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். பயத்தில் லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீரைக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவே ஆபத்தாகிவிடும்.

உடன் ஓடுபவர் தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ, கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில் சொன்னாலோ அது களைப்பு அல்ல. நிழலில் படுக்க வைத்து, கிடைக்கும் தண்ணீரை எல்லாம் உடல்மேல் ஊற்றி, விசிறி, பனிக்கட்டி கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, 108க்கு அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடலைக் குளிர்விக்கத் தொடங்குவதுதான் உயிர் காக்கும்.

உங்கள் நேரத்தை அறிந்துகொள்ளுதல்

இனி வருவது தனியாக ஓடுபவருக்குத் தேவைப்படாதது, தொடர் ஓட்டத்துக்கு மட்டுமே உரியது. நான் மிகவும் வலியுறுத்த விரும்புவதும் இதையே. அணிக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது வேகம் அல்ல, சொன்ன நேரத்துக்கு வந்து சேருவது.

என் முதல் ரிலேயில் ஐந்து கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம் ஆகும் என்று அணியிடம் சொல்லியிருந்தேன். அன்று கூட்டமும் மேளமும் கைதட்டலும் காலைத் தள்ள, முப்பத்தாறு நிமிடத்தில், அடுத்தவருக்குக் கைமாற்றும் இடத்துக்கு வந்துவிட்டேன். என்னிடமிருந்து ஓட்டத்தை வாங்கி அடுத்த பங்கை ஓட வேண்டிய அண்ணன் அங்கே இல்லை. இன்னும் நேரம் இருக்கிறது என்று நம்பி, கழிப்பறை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். கோட்டுக்குப் பக்கத்தில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்திய அந்த மூன்று நிமிடத்தில் நான் மிச்சப்படுத்தியதில் பெரும்பகுதி போயிற்று. அதைவிட, உடலைச் சூடேற்றாமல் அப்படியே ஓடத் தொடங்கிய அவருக்கு இரண்டாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, மீதி எட்டு கிலோமீட்டரையும் அவர் நொண்டிக்கொண்டே முடித்தார். தாமதமாக வருவது மட்டும்தான் அணிக்குப் பாரம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

எனவே போட்டிக்கு நான்கு வாரம் முன்பும், பிறகு இரண்டு வாரம் முன்பும் உங்கள் நேரத்தைச் சோதித்துப் பாருங்கள். 400 மீட்டர் ட்ராக் கிடைத்தால் உள்வட்டத்தில் பன்னிரண்டரைச் சுற்று ஐந்து கிலோமீட்டர். கைப்பேசிச் செயலி காட்டும் தூரத்தைவிட இது நம்பகமானது. ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் யாராவது குறித்துக்கொடுக்கட்டும். முதல் இரண்டு சுற்றும் கடைசி இரண்டு சுற்றும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். முதல் சுற்று 2 நிமிடம் 40 விநாடி, கடைசிச் சுற்று 3 நிமிடம் 30 விநாடி என்று இருந்தால், நீங்கள் தாங்க முடியாத வேகத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். அடுத்த முறை முதல் சுற்றை 3 நிமிடம் 10 விநாடியில் தொடங்கிப் பாருங்கள், மொத்த நேரம் பெரும்பாலும் குறையவே செய்யும். கிடைத்த நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் சொல்லாமல் அப்படியே அணித்தலைவரிடம் கொடுங்கள். 42 நிமிடம் என்று சொல்லக் கூச்சப்பட்டு 35 என்று சொல்பவரால் அவருக்குப் பின் ஓடும் அத்தனை பேரின் கணக்கும் பிசகுகிறது.

யார் எந்தப் பங்கை ஓடுவது

அணித்தலைவர் எல்லாருடைய நேரத்தையும் வரிசையாக எழுதிக் கடிகார நேரமாக மாற்ற வேண்டும். காலை 5 மணிக்குத் தொடங்கும் போட்டி என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் ஐந்து கிலோமீட்டரை 40 நிமிடத்தில் ஓடினால் 5.40, இரண்டாமவர் பத்து கிலோமீட்டரை 65 நிமிடத்தில் முடித்தால் 6.45, மூன்றாமவர் 7.25, நான்காமவர் 8.30, ஐந்தாமவர் 9.10; கடைசியாக 7.195 கி.மீ. ஓடுபவர் சுமார் 50 நிமிடத்தில் 10 மணிக்கு முடிப்பார். இப்படி எழுதிய உடனே, வெறும் தூரக் கணக்கில் தெரியாத ஒன்று தெரிந்துவிடும்: மூன்று பேருக்கும் அதே ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் முதலாமவர் இருட்டின் குளிர்ச்சியில் ஓடுகிறார், ஐந்தாமவர் எட்டரை மணி வெயிலில் ஓடுகிறார். புதியவரை முதல் அல்லது மூன்றாம் இடத்தில் வையுங்கள். ஐந்தாம் இடத்தை வெயிலுக்குப் பழகிய ஒருவருக்குக் கொடுங்கள். போட்டிக்கு இறுதி நேர வரம்பு எவ்வளவு என்பதையும் இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே பெயர் பதிய வேண்டும். மாற்று ஓட்டக்காரர் ஒருவரைச் சேர்க்க விதி இடம் கொடுத்தால் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு பேரில் ஒருவருக்காவது கடைசி வாரத்தில் காய்ச்சல் வரும்.

கைமாற்றம்

சாலைத் தொடர் ஓட்டத்தின் தாயகம் ஜப்பான். 1917இல் கியோத்தோவிலிருந்து டோக்கியோ வரை ஏறக்குறைய 508 கி.மீ. தூரத்தை மூன்று நாளில் ஓடியதிலிருந்து அங்கே ‘எக்கிடென்’ என்ற பெயரில் இது வளர்ந்தது. 1920இல் தொடங்கிய ஹக்கோனே எக்கிடென்னில், புத்தாண்டை ஒட்டி ஜனவரி 2, 3 தேதிகளில், பல்கலைக்கழக அணிகள் பத்துப் பத்துப் பேராக சுமார் 217 கி.மீ. ஓடுகின்றன. அங்கே கைமாறுவது ரிலேக் கட்டை அல்ல, ‘தசுக்கி’ எனப்படும் துணிப்பட்டை. முன்னணி அணியைவிடக் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பின்தங்கிவிட்டால், வருபவருக்காகக் காத்திராமல் அடுத்தவர் வேறொரு பட்டையை அணிந்துகொண்டு புறப்பட வேண்டும். தன் அணியின் பட்டை கையிலிருந்தும் வாங்குவதற்கு ஆள் இல்லாமல், கோட்டருகே வந்து விழுந்து அழும் இளைஞர்களை ஜப்பான் முழுவதும் தொலைக்காட்சியில் பார்க்கிறது. ஒரு துணிப்பட்டை அவ்வளவு கனக்கக்கூடும்.

உங்கள் போட்டியில் பட்டையா, கட்டையா, மணிக்கட்டில் கட்டும், நேரம் பதியும் சிப்பா என்பதை முன்பே கேட்டறிந்து அதைக்கொண்டே பழகுங்கள். பட்டையென்றால் தோளிலிருந்து குறுக்காக அணிந்து, தொங்கும் நுனியை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து கிலோமீட்டரும் அது தொடையில் அடித்துக்கொண்டே வரும். கடைசி இருநூறு மீட்டரில் கழற்றி, முறுக்கு எடுத்து, இரு கைகளுக்கிடையே இழுத்துப் பிடித்தபடி வந்தால் வாங்குபவர் நடுவில் பற்றிக்கொண்டு போய்விடலாம். வியர்வையில் நனைந்த பட்டை சுருண்டு தோளில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், இதை வீட்டு வாசலில் நின்று செய்து பழகினால் போதாது, ஓடி வியர்த்த பிறகு பழக வேண்டும்.

கட்டையென்றால், நான்கு பேர் ஆளுக்கு 400 மீட்டர் ஓடும் 4×400 மீட்டர் தொடர் ஓட்டத்தைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் இந்திய ஆண்கள் அணி 2 நிமிடம் 59.05 விநாடியில் ஓடி ஆசியச் சாதனை படைத்தது. கடைசிச் சுற்றை ஓடியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ராஜேஷ் ரமேஷ். 4×100 மீட்டரில் வாங்குபவர் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னே நீட்டுகிறார். 4×400இல் ஓடி வருபவர் களைத்திருப்பார் என்பதால், வாங்குபவர்தான் திரும்பிப் பார்த்து, அவர் வேகத்தைக் கணித்து, கையிலிருந்து எடுத்துக்கொள்கிறார். சாலை ஓட்டத்திலும் அப்படியே. வருபவரின் கண் பாதி இருட்டியிருக்கும். எண் அட்டை தெரியும்படி நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையை உயர்த்தி, வாங்க வேண்டிய பொறுப்பு புதிதாகப் புறப்படுபவருடையது. போட்டிக்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அணி முழுவதும் கூடி, ஒவ்வொருவரும் தனக்கு முன்னும் பின்னும் ஓடுபவரோடு பத்துப் பத்து முறை கைமாற்றிப் பாருங்கள்.

போட்டி நாள்

கடைசி வாரத்தில் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். புது ஷூ, புது உணவு எதுவும் அந்த வாரத்தில் வேண்டாம். கைமாற்றும் இடத்துக்கு எப்படிப் போவது என்பதே பலரும் மறந்துவிடும் கேள்வி: ஓட்டத்துக்காகச் சாலைகள் மூடப்பட்டிருக்கும்போது உங்கள் வண்டி அங்கே போகாது. முந்தின நாளே அந்த இடத்தைப் போய்ப் பார்த்து, கழிப்பறை எங்கே, பையை யாரிடம் கொடுப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். கணக்கிட்ட நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக அங்கே இருங்கள். இருபது நிமிடம் முன்பு மெல்ல நடந்து, ஓடி உடலைச் சூடேற்றுங்கள். பத்து நிமிடம் முன்பிலிருந்து கைமாற்றும் கோட்டருகிலிருந்து நகராதீர்கள்.

பட்டை கைக்கு வந்ததும் கால் பறக்கும். அந்த முதல் கிலோமீட்டரில் மட்டும் கடிகாரத்தைப் பார்த்து, ட்ராக்கில் அறிந்த உங்கள் வேகத்துக்கு இறங்கி வாருங்கள். மூன்றாம் கிலோமீட்டர் கடினமாக இருக்கும். அது எல்லாருக்கும் அப்படித்தான். நான்காவது முடியும்போதும் ஒரு வாக்கியம் பேச மூச்சு மிச்சமிருந்தால், கடைசிக் கிலோமீட்டரில் சற்றுக் கூட்டுங்கள்.

கொடுத்து முடித்ததும் உட்கார்ந்துவிடாமல் ஓரமாக ஒதுங்கிப் பத்து நிமிடம் நடங்கள். மூச்சு சீரானதும் முதல் வேலையாக, ‘கைமாற்றியாயிற்று, 7.27’ என்று நேரத்தோடு அணிக்குச் செய்தி அனுப்புங்கள். அடுத்த இடத்தில் நிற்பவர் அதைப் பார்த்துத்தான் எப்போது உடலைச் சூடேற்றத் தொடங்குவது என்று முடிவு செய்வார்.